முதலில் நீரின் வரைபடம், பிறகே நகரின் வரைபடம்
சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் குறித்து எங்கள் நிலைப்பாடு

2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டம் ஏரி, வாய்க்கால், சதுப்பு, ஆற்றங்கரை ஆகியவற்றின் எல்லைகளை முதலில் குறிக்க வேண்டும். மிஞ்சும் நிலத்தில்தான் சாலையும் குடியிருப்பும் தொழிற்சாலையும் வகுக்கப்பட வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்களாகக் கூடிப் பேசி நாங்கள் எடுத்த முடிவு இது.

ஏன்?

ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் வழியும்படி அமைந்த நிலம் இது. நடுவே ஒன்றைத் தூர்த்தால் மேலே உள்ள ஊர் மூழ்கும். சுற்றியுள்ள கிணறுகள் வறளும். 2015 டிசம்பரில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மறுபடி மூழ்கினோம். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு: மழைநீர் தங்க இடம் விடவில்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் போன பிறகுதான், மிச்சத்துக்கு 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அதே ஆண்டில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க அரசு ஆணையிட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் எண்ணற்ற ஏரிகள் இதனுள் வருகின்றன. அவற்றுக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

நிலத்தை இப்படி ஒதுக்கினால் வீட்டு விலை ஏறும் என்பார்கள். அதை ஈடுகட்ட, மெட்ரோ, ரயில் நிலையங்களை ஒட்டி அடுக்குமாடிகளுக்குக் கூடுதல் தளங்கள் தரலாம். மேலும், தாழ்நிலத்தின் மலிவு உண்மையில் மலிவல்ல: அங்கே மலிவாக மனை வாங்கியவர்தான் இன்று தவணையும் கட்டி, ஒவ்வொரு மழைக்கும் மோட்டார் வைத்து இறைக்கிறார்.

எங்கள் கோரிக்கைகள்

1. நீர்நிலைகள், வாய்க்கால்கள், வெள்ளம் பரவும் தாழ்நிலங்கள் அனைத்தையும் புல எண்ணோடு வெளியிட வேண்டும். அந்தப் புல எண்களில் நில உபயோக மாற்றம் அறவே கூடாது.

2. ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பிழைப்பிலிருந்து பிரித்து, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற தாழ்வான இடங்களில் குடியமர்த்துவதை நிறுத்த வேண்டும். மாற்று வீடு, வேலைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் அமைய வேண்டும்.

3. புதிய குடியிருப்புகளுக்கும் முனையங்களுக்கும் முன்பே குடிநீர், கழிவுநீர்க் குழாய், பேருந்து, ரயில் ஆகியவை வர வேண்டும். கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் 2023 இறுதியில் திறந்தபோது ரயில் நிலையம் இல்லை. மூட்டைமுடிச்சோடு அலைந்தவர்கள் பயணிகள்.

4. அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் சொல்லும் பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் கையில் திட்டம் இருக்கட்டும். வரைவைத் தமிழில் வெளியிட்டு, வார்டுதோறும் ஊராட்சிதோறும் கருத்துக் கேட்க வேண்டும்.

எந்த வாய்க்கால் எங்கே ஓடியது என்று அறிந்த பெரியவர்கள் எங்கள் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். நில அளவையர்கள் வரட்டும். அவர்களோடு நடந்து இடம் காட்ட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.