சிறு முதலில் ஒரு நல்ல வில்லை

மாந்தர் தம் உருவத்தைப் படத்தில் அமைத்துப் போற்றும் வழக்கம் செல்வர்க்கே உரியதாயிருந்த காலம் கழிந்தது. இந்நாளில் கைப்பேசி இல்லாத மனை அரிது. படம் பிடியாத நாளும் அரிது. ஆயினும், நம் சேலம் நாமக்கல் சமவெளியில் உள்ள ஊர்களில் முதியோர் ஒருவர் இறந்தபொழுது, அவருடைய நல்ல படமொன்றைத் தேடி வீட்டார் படும் அல்லலைக் கண்ட எவரும், படங்கள் பெருகினவேயன்றி முகங்கள் பெருகவில்லை என்பதை ஒப்புவர்.

இதனை யாம் பிறர் வாய்க் கேட்டு எழுதவில்லை. ஈராண்டுகட்கு முன் எம் அன்னையைப் பெற்ற பாட்டியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தனர். அன்று மாலைக்குள் தெருமுனையிற் கட்டக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வேண்டியிருந்தது. வீட்டுப் பெட்டிகளையும் உறவினர் கைப்பேசிகளையும் ஆராய்ந்தோம். திருமணக் கூட்டப்படம் ஒன்றில் அவர் மூன்றாம் வரிசையில், ஒருவருடைய தலைப்பாகைக்குப் பின் பாதி மறைந்து நின்றனர்; மற்றொன்றிற் குழந்தையை ஏந்திக் குனிந்திருந்தனர். ஈற்றில், ஆதார் அட்டையிலிருந்த நகக்கண் அளவான படத்தையே 6 அடி உயரத்திற்குப் பெருக்கினர். முகம் கட்டங் கட்டமாய்ச் சிதறியது. கண்கள் இரண்டும் கரும்புள்ளிகளாய் நின்றன. எம் குடும்பத்தை எழுபதாண்டு தாங்கிய முகம் அவ்வாறு தெருவில் தொங்கியதைக் கண்டு எம் அன்னையார் அப்பாற் பார்க்க மறுத்துவிட்டனர்.

எம் தந்தையைப் பெற்ற பாட்டியார் இராசிபுரத்திற்கு அணித்தான ஒரு சிற்றூரில் இன்றும் நலமாய் வாழ்கின்றனர். அவர் முகத்தையேனும் உயிரோடிருக்குங்கால் செவ்வனே பிடித்துவைத்தல் வேண்டும் என்று துணிந்தோம். எம்மிடம் இருந்தது, மாமா ஒருவர் பயன்படுத்திக் கழித்த கேனன் காமிரா ஒன்றும், அதனோடு வந்த 18–55 மில்லிமீட்டர் லென்சும், கையிற் சேர்த்த 12,000 ரூபாயுமே. லென்ஸ் என வழங்கும் வில்லையைப் பற்றி அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனையே ஈண்டு எம் மாணவ நண்பர் முன் வைக்கின்றோம். முகத்திற்கு ஒன்றும் நுண்பொருட்கு ஒன்றுமாக இரண்டு உயர்விலை வில்லைகள் வாங்க மாட்டாதார், 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 வில்லை ஒன்றும், அதற்குப் பின் பொருத்தும் நீட்டுக்குழல் தொகுதி ஒன்றும் வாங்குவதே தக்கது என்பது எம் கொள்கை.

முகம் பிடிப்பதற்கென வில்லை தனியே வேண்டும் என்பது புதிய கருத்தன்று. 1839-இல் டாகேரின் படக்கலை உலகிற்கு வெளியானபொழுது, ஒளி மிகுதியாய்ப் புகாத வில்லையின் முன் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டியிருந்தது. கட்டடங்கள் இருந்தன, மனிதர் எங்ஙனம் இருப்பர்? மறு ஆண்டிலேயே வியன்னாவிற் கணிதப் பேராசிரியராயிருந்த யோசேப்பு பெட்ஸ்வால், எஃப் 3.6 அளவில் ஒளி புகும் உருவப்பட வில்லையைக் கணக்கிட்டமைத்தார். பொக்ட்லெண்டர் அதனைச் செய்து விற்றார். அதன் பின்னரே முகம் படக்கலைக்குள் எளிதிற் புகுந்தது எனலாம். நம் நாட்டிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் 1857–58-இற் சென்னை அரசாங்கத்தின் பொருட்டுத் தென்னாட்டைச் சுற்றிப் படம் பிடித்தார். இராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் அடங்கிய தொகுதியொன்று அவர் வெளியிட்டவற்றுள் உண்டு. மெழுகிட்ட தாளை அவர் பயன்படுத்தினமையின் நெடும்பொழுது ஒளி காட்டல் வேண்டும். ஆதலின் எம் ஜில்லாவின் குன்றுகளும் கோட்டைகளும் அதில் அமைந்தன. குன்றின் அடியில் அன்று உழுதுகொண்டிருந்தவர் முகம் எமக்குக் கிட்டாமற் போயிற்று.

மோகனூரிற் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) பாட்டிற்குப் புகழ் பெறுமுன் உருவப்படம் எழுதும் ஓவியராய் வாழ்ந்தவர் என்பதையும் எம் ஊரார் மறவார். ஓவியர் ஒரு முகத்தைத் தீட்டும் பொழுது எங்கே அமர்ந்து நோக்குவது என்பதை முதற்கண் தேர்வர். படம் பிடிப்பார் செய்யவேண்டுவதும் அதுவே. வில்லையைத் தேர்தல் என்பது உண்மையில் நிற்குமிடத்தைத் தேர்தல்.

இதனைச் சற்று விரிப்பாம். ‘கைப்பேசி உள்ளபோது காமிரா எற்றுக்கு?’ என எம் விடுதி நண்பர் பலர் வினவினர். கைப்பேசியின் முதன்மை வில்லை அகன்ற நோக்குடையது. அதனால் ஒரு முகத்தைப் படம் நிறையப் பிடிக்க வேண்டின் ஒன்றரை அடி அளவிற்கு நெருங்கல் வேண்டும். மூக்கின் நுனி காதினும் ஏறத்தாழ 12 செ.மீ. முன்னிற்பது. 45 செ.மீ. தொலைவிலிருந்து நோக்கினால் மூக்கு, காதோடு ஒப்பிட, நாலில் ஒரு பங்கு மிகுத்துத் தோன்றும். ஐந்தடி விலகி நோக்கினாலோ அம்மிகுதி பன்னிரண்டில் ஒரு பங்கே. தாம் பிடித்த படத்தைத் தாமே வெறுப்பவர் பலரும் வெறுப்பது தம் முகத்தையன்று, அவ்வொன்றரை அடியையே. பின்புலத்தை மங்கச் செய்யும் சூழ்ச்சி கைப்பேசியிலும் உண்டெனின், உண்டு. நரைமயிரின் ஓரத்தையும் காதணியின் விளிம்பையும் சேர்த்தே அது துடைத்துவிடுதலை யாம் பன்முறை கண்டோம்.

ஐந்தடி விலகி நிற்க, வில்லையின் குவியத் தொலைவு கூடுதல் வேண்டும். எம்முடையது போன்ற சிறிய சென்சார் உடைய கேனன் காமிராவில் 50 மில்லிமீட்டர் வில்லை, பழைய பிலிம் காமிராவின் 80 மில்லிமீட்டர் வில்லை அளவே காட்டும், நிக்கானாயின் 75. இது முகத்திற்குப் பொருந்திய அளவு. 85 மில்லிமீட்டரே உருவப்படத்திற்குச் சிறந்ததென நூல்கள் கூறுமே எனின், அஃது பெரிய சென்சார் உடையார்க்குச் சொன்ன விதி. எம் காமிராவில் அதனைப் பூட்டித் தலையும் தோளும் அமையப் பிடிக்க 9 அடி பின்செல்லல் வேண்டும். பாட்டியார் வீட்டுத் திண்ணையின் அகலம் ஆறடி. ஒன்பதாம் அடியில் யாம் சாக்கடைக்குள் நிற்போம்! அன்றியும், ஐந்தடியில் நின்றால் பேசிக்கொண்டே படம் பிடிக்கலாம். ஒன்பதடிக்கு அப்பால் நின்று கத்தினால் எம் பாட்டியார் அதிகாரிகள் வந்துவிட்டனர் என்று எழுந்துவிடுவர்.

இனி ஒளி. எம்மூர் ஓட்டு வீடுகளின் உள்ளே நண்பகலிலும் இருள். காமிராவோடு வந்த வில்லையை 55 மில்லிமீட்டருக்கு நீட்டினால் எஃப் 5.6-க்கு மேல் அதன் வாய் திறவாது. எஃப் 1.8 அதனினும் ஒன்பது மடங்கிற்கு மேல் ஒளியை உட்கொள்ளும். எம் முதல் முயற்சியிற் பிடித்த படங்கள் அனைத்தும் கை நடுங்கிக் கலங்கியதன் காரணம் இதுவே. ஆயின், வாய் திறக்கும் என்பதற்காக முற்றத் திறந்துவிடல் நன்றன்று. ஐந்தடியில் எஃப் 1.8-இல் தெளிவாய் விழும் ஆழம் ஏழு செ.மீ. அளவே, கண் தெளிந்தால் காது கலங்கும். இளையோர்க்கு அது அழகாகலாம். முதியோர் முகத்திற் சுருக்கங்களே வரலாறு. ஆதலின் எஃப் 4-க்குச் சுருக்கி, அவரை வாயிற்படி அருகே அமர்த்தி, மறுபுறம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றைச் சார்த்தினோம். அட்டையின் விலை 40 ரூபாய். பல்லாயிரம் கொடுத்து வாங்கும் விளக்குகளை யாம் இகழவில்லை. எம்மிடம் இல்லை, அவ்வளவே.

வாங்கும் முறைமை பற்றிச் சில. புதிய கேனன் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 வில்லை பத்தாயிரம் ரூபாய் அளவிற் கிடைப்பது. யாம் பழையதொன்றைச் சேலத்தில் 6,500 ரூபாய்க்கு வாங்கினோம். இவ்வில்லையில் 1990-இல் வந்த இரண்டாம் வடிவமும், 2015-இல் வந்த எஸ்டிஎம் என்னும் வடிவமும் சந்தையில் உலவுகின்றன. முன்னையது மலிவு, ஆயின் அதன் பூட்டு வாய் பிளாஸ்டிக், 45 செ.மீ.க்குள் நெருங்கவும் மாட்டாது. பின்னையது உலோக வாயுடையது, 35 செ.மீ. வரை நெருங்கும். வேற்றுமைத் தொகை கொடுத்தும் பின்னையதை வாங்குதலே அறிவு. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் காமிரா உடைய நண்பர்கள், ‘டி’ எனக் குறித்த பழைய 50 மில்லிமீட்டர் வில்லையை மலிவு கருதி வாங்கி ஏமாறற்க. அக்காமிராக்களினுள் மோட்டார் இல்லாமையின் அது தானே குவியாது. ஏஎஃப்-எஸ் எனப் பொறித்ததே வேண்டும்.

பழைய வில்லை எதனையும் கைப்பேசி விளக்கின் முன் பிடித்து ஊடுருவ நோக்குக. சிலந்தி நூல் போன்ற இழைகள் தோன்றின் அது பூஞ்சை; எத்துணை மலிவாயினும் தள்ளுக. எம் சமவெளி வறண்டதாயினும், ஐப்பசி மழையிற் பீரோவின் அடித்தட்டில் துணியோடு மடித்து வைத்த வில்லைகள் கெட்டதை அறிவோம். மூடி இறுகிய ஒரு டப்பாவும் சில சிலிகா ஜெல் பொட்டலங்களும் போதும்.

அடுத்து நுண்பொருட் படம். இதிற்றான் தமிழ் மாணவராகிய எமக்குத் தனிப்பற்று. எம் பாட்டியார் ஊரில் வைத்தியம் பார்த்து வந்த குடும்பமொன்றில் ஓலைச் சுவடிகள் சில உள்ளன. விளிம்பு பொடிந்து வருகின்றன. வீட்டார் அவற்றை வெளியே தர இசையார். அவை திண்ணைக்கு வெளியே வராவெனின் காமிராவே அங்குச் செல்லல் வேண்டும். ஓலையின் அகலம் 3 செ.மீ.; எழுத்துக்களோ எள்ளளவின. 50 மில்லிமீட்டர் வில்லை தானாக நெருங்கும் எல்லையில் ஏழு செ.மீ. உயரமுள்ள பரப்புப் படத்தில் விழும். ஓலை அதன் நடுவே நாடாப்போற் கிடக்கும். பொருளின் முழு அளவில் பிடிக்கவல்ல 100 மில்லிமீட்டர் மேக்ரோ வில்லை இதற்கெனவே அமைந்தது, பழுதற்ற கருவி, அதன் விலை எம் முதலினும் பன்மடங்கு.

நீட்டுக்குழல் என்பது கண்ணாடி ஏதுமில்லாத வெறுங்குழல். காமிராவிற்கும் வில்லைக்கும் இடையிற் பூட்டியவுடன் வில்லை முன் தள்ளப்பட்டு, அருகிலுள்ள பொருளைக் குவிக்கும். கணக்கும் எளிது: குழலின் நீளத்தை வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தது உருப்பெருக்கம். 25 மில்லிமீட்டர் குழலை 50 மில்லிமீட்டர் வில்லைக்குப் பின் இட்டால் அரை அளவு. எம் சென்சாரின் உயரம் 15 மில்லிமீட்டர். ஆகவே 30 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓலை படத்தில் அச்சொட்டாய் நிறைகின்றது! கணக்கிட்டு வைத்தாற்போன்ற இப்பொருத்தத்தைக் கண்டபொழுது யாம் அடைந்த மகிழ்ச்சியை யாப்பிலக்கணத் தேர்விலும் அடைந்ததில்லை. ஓலை நெடியதாகலின் பகுதி பகுதியாய்ப் பிடித்து இணைத்தல் வேண்டும்.

குழல் வாங்குங்கால், உள்ளே மின்தொடர்புப் புள்ளிகள் உள்ளதா எனக் காண்க. அவை இல்லாத குழல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆயின் அதனைப் பூட்டினால் வில்லையின் துளையைக் காமிராவாற் சுருக்க இயலாது. முற்றத் திறந்தே நிற்கும். எழுத்தின் ஒரு வரி தெளிந்தால் மறுவரி புகையும். எமக்கு வாய்த்தது 2,200 ரூபாய். அரை அளவிற் பிடிக்கும்பொழுது ஒளி இரண்டேகால் மடங்கு குறைவதால், கையிற் பிடித்தெடுத்தல் ஆகாது. 1,800 ரூபாய்க்கு முக்காலி ஒன்று வாங்கினோம். அதன்பின்னும் பையில் 1,500 எஞ்சியது. ஓலைகள் மட்டுமோ? செவ்வாய்பேட்டை வெள்ளிக் கொலுசின் மணிகளையும், கொல்லிமலை மிளகுக் கொடியின் பூவையும் அதே குழலாற் பிடித்துள்ளோம். தூசு மிக்க லாரிச் சாலை ஓரத்தில் நின்று குழல் மாற்றி ஒரு நாட்படங்களைப் புள்ளியிட்டுக் கெடுத்ததும் உண்டு. அது எம் பிழை.

சுவடிகளில் இதுகாறும் 64 ஓலைகள் முடிந்தன. எஞ்சியவற்றைக் கோடை விடுமுறையிற் பிடிக்கலாம் என்று வீட்டார் இசைந்துள்ளனர்.

பாட்டியார்தாம் எளிதில் இசைந்திலர். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்பது அவர்கால நம்பிக்கை. ‘ஆயா, ஆதாருக்குப் பிடித்தார்களே, ஒன்றும் ஆகவில்லையே’ என்றோம். ‘அது கவர்மெண்டு பிடிச்சது கண்ணு’ என்றனர். மூன்றாம் வாரம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபொழுது, வாயிற்படி வெளிச்சத்தில், எஃப் 4-இல், ஐந்தடியில், தம் தங்கையின் திருமணக் கதையைச் சொல்லிக்கொண்டே அவர் நிமிர்ந்த ஒரு நொடியிற் படம் அமைந்தது. அதனை நாமக்கல்லில் 12 அங்குல அளவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணருகே கொண்டுசென்றும் கை நீட்டியும் நெடும்பொழுது பார்த்தனர். பின்னர், ‘இது நானில்ல கண்ணு, எங்காத்தாளாட்டமல்ல இருக்குது’ என்றனர். அவ்வம்மையார்க்குப் படம் ஏதும் இல்லை. அன்று முதல் அவ்வீட்டுச் சுவரில் இருப்பது யாருடைய படமென வருவோர் கேட்டால், எம் பாட்டியார் இருவர் பெயரையும் சொல்கின்றனர்.