இந்த வாரத் தலைப்பு: நிழல்

எளாவூர் ரயில் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் வண்டிக்காகக் காத்திருந்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் நடைமேடையில் குனிந்து, செல்போனில் தரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி எடுக்கிற?"

"இந்த வாரத் தலைப்பு நிழல்ண்ணா. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு படம் போடணும்."

பக்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து உட்கார்ந்திருந்த பெரியவர், "வேலை வெட்டி இல்லாதவன் வேலைப்பா அது" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. வாழ்நாள் முழுக்க ஓய்வே இல்லாதவருக்கு, பொழுதுபோக்கு என்பது மற்றவர்களின் சொத்தாகத்தான் தெரியும். ஆனால் தோழர்களே, ஓய்வும் நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றுதான். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் உரிமைதான்.

வாரம் ஒரு தலைப்பு என்பது நல்ல பயிற்சி. இன்ஸ்டாகிராம் நிறுவனமே ஒரு காலத்தில் வார இறுதிதோறும் ஒரு தலைப்பை அறிவித்து, உலகம் முழுக்கப் படங்களை வரவழைத்தது. 'நிழல்' என்று ஒரு சொல் கையில் கிடைத்தால், தினமும் நடக்கிற தெருவையே ஏழு நாள் புதிதாகப் பார்க்கிறோம். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. பார்வைதான் வேண்டும்.

ஆனால் யாருடைய பார்வை? கலர் பிலிம் வந்த காலத்தில் கோடாக் நிறுவனம் 'ஷெர்லி கார்டு' என்ற அட்டையை ஸ்டுடியோக்களுக்குக் கொடுத்தது. வெள்ளைத்தோல் பெண்ணின் படம் அது. அந்தத் தோல் சரியாகத் தெரிந்தால் கலர் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் இருட்டில் கரைந்துபோயின. இன்று செல்போனின் 'பியூட்டி' வசதி கேட்காமலேயே நம்மை வெளுக்கவைக்கிறது. முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மனிதர்களில் ஒருவர். தற்செயலாக நடந்ததல்ல. கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்கிய காலத்தில், தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார்.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவு செய்து வருகிறார். அதோடு நிற்காமல், அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கற்றுக்கொடுக்கிறார். அந்த இரண்டாவது வேலை முதல் வேலைக்குக் குறைந்ததல்ல.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நம் சேரி 'வறுமை' என்ற தலைப்புக்கான ஒரு படம். கேட்காமல் எடுப்பார்கள், பரிசு வாங்குவார்கள், திரும்பி வரமாட்டார்கள். நாம் அப்படிச் செய்யக்கூடாது. கேட்டு எடுங்கள். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.

தேதி ஏன் என்று கேட்டால், தேர்வாய் கண்டிகையை நினைத்துப் பாருங்கள். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிராமம். அவர்கள் மாடு மேய்த்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனது. மிஷெலின் டயர் நிறுவனம் 2009இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் போட்டது. மக்கள் போராடினார்கள். அந்தக் காட்டை, அந்த ஏரியை வாரம் ஒரு படம் என்று யாராவது எடுத்து வைத்திருந்தால்? இன்றைய பொழுதுபோக்கு நாளைக்குச் சாட்சி.

எல்லாப் படமும் போராட்டப் படமாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பாட்டி வெற்றிலை போட்டுச் சிரிப்பதை எடுங்கள். தங்கையின் புது சைக்கிளை எடுங்கள். நம் மகிழ்ச்சிக்குத்தான் படங்கள் குறைவு. அவர்கள் தரும் தலைப்புகளிலும் கலந்துகொள்ளுங்கள், நாமும் தலைப்பு கொடுப்போம்: செருப்பு, குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை, ஷிப்ட் பஸ், முதல் சம்பளம்.

வண்டி வந்தது. தம்பி அந்தப் பெரியவரிடம், "ஐயா, உங்க நிழலை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "நிழல் எதுக்குப்பா, மூஞ்சியவே எடு" என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

ஜெய்பீம்!