பேய் காக்கும் கட்டடங்கள்

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து பள்ளிபாளையத்துக்குள் வருவோரை முதலில் எதிர்கொள்வது தறிகளின் ஓசை. பகலென்றும் இரவென்றும் பாராமல் அது ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த ஓசைக்கு நடுவே, ஓசையற்றுக் கிடக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டது. பல்லாண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு நர்சிங் ஹோம். பலகையில் பெயர் அழிந்துவிட்டது. கதவில் பூட்டு மட்டும் இருக்கிறது. உள்ளே நள்ளிரவில் குழந்தை அழுகிறதாம். வெள்ளுடை தரித்த செவிலி ஒருத்தி மாடிச் சன்னலில் நிற்கிறாளாம். சக்கர நாற்காலி தானே உருள்கிறதாம்.

இதை நமக்குச் சொன்னவர் இரவு ஷிப்டு முடிந்து தனியே வீடு திரும்பும் தறித்தொழிலாளி ஒருவர். மூன்று பிள்ளைகளின் தாய். அந்தத் தெருவைத் தவிர்ப்பதற்காக அவர் நாள்தோறும் அரை மைல் சுற்றி நடக்கிறார். “நமக்கு ஏனுங்க வம்பு? சுத்திப் போனாக் காலுதான வலிக்கும்” என்றார். தெருவிளக்கு எரிவதில்லையா என்று கேட்டோம். “அது பேயி இருக்கிற பக்கமுங்க, அங்க யாரு லைட்டு போட வருவாங்க?” என்று பதில் வந்தது. அந்தப் பதிலில்தான் நம் மனம் தங்கிவிட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழியைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகும் நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் பிழையில்லை. இணை தேடும் பூனையின் குரல் கைக்குழந்தையின் அழுகையைப் போலவே கேட்கும். பாழடைந்த மாடிகளில் கூகை குடியேறுவதும், அதன் அலறல் மனிதக் குரலை ஒத்திருப்பதும் எவரும் அறிந்தவை. மரநாய் ஓடினால் தகரம் அதிரும். ஆயினும் இந்த விளக்கங்கள் அந்தத் தாய்க்கு அரை மைலைக் குறைத்துத் தரவில்லை. பழமொழி அரண்டவனைக் குறை கூறுகிறது. இருட்டை வைத்திருப்பவர் யார் என்று அது கேட்பதேயில்லை. நாம் கேட்க விரும்புவது அதைத்தான்.

பேய் என்பது கூலி கேட்காத காவலாளி. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டியதில்லை. பாகப்பிரிவினை வழக்கு முடியும்வரை எவரும் உள்ளே வந்து குடியேறமாட்டார்கள். விளக்குப் போட வேண்டியவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அங்கே என்ன நடந்தது, ஏன் மூடினார்கள் என்று அறிந்த அக்கம்பக்கத்தாருக்கும் பேசாதிருக்க ஒரு வழி கிடைக்கிறது. இத்தனை பேருக்கு வசதியான ஒன்றை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது வெகுளித்தனம்.

இந்த வணிகம் நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரை ஒட்டிய குன்றின்மேல் வேவர்லி ஹில்ஸ் என்னும் காசநோய் மருத்துவமனை 1910-இல் திறக்கப்பட்டது. இன்றும் நிற்கும் பெருங்கட்டடம் 1926-இல் எழுந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்து காசநோய் தணியத் தொடங்கியபின் 1961-இல் அதை மூடினார்கள். அடுத்த ஆண்டே அது முதியோர் பராமரிப்பு இல்லமாயிற்று. அங்கே முதியவர்கள் பேணுவாரின்றிக் கிடந்தார்கள் என்ற முறையீடுகள் எழுந்தன. 1980-களின் தொடக்கத்தில் அரசு அதையும் மூடியது. இன்று அங்கே சீட்டுப் பெற்றுக்கொண்டு பேய் காட்டுகிறார்கள். பிணங்களைக் குன்றின் அடிவாரத்துக்கு இறக்கிய சுரங்கவழிதான் அதில் முதன்மையான காட்சி. அறுபத்து மூவாயிரம் பேர் அங்கே மாண்டதாகக் கதை சொல்கிறது. உண்மைத் தொகை அதில் ஒரு சிறு பங்கே என்பது ஆய்ந்தவர் முடிவு. நம்மை உறுத்துவது வேறொன்று. காசநோயாளிகளின் ஆவிகளைத் தேடி அவ்வளவு பேர் வருகிறார்கள்; அதே கூரையின்கீழ் புறக்கணிக்கப்பட்ட முதியோரை யாரும் தேடவில்லை. கிழவர்களின் ஆவிக்குச் சீட்டு விற்காது போலும்!

நம் வீட்டுக் கதையையும் மறைக்கலாகாது. சென்னை ஆழ்வார்பேட்டையில் உள்ள டிமான்ட்டி காலனியைப் பற்றி வாசகர் பலர் கேள்விப்பட்டிருப்பர். போர்த்துக்கீசிய வழிவந்த வணிகர் ஜான் டிமான்ட்டி 1821-இல் இறந்தார். கோவளத்தில், தாமே கட்டுவித்த கார்மேல் அன்னை ஆலயத்தில் அடக்கமானார். தம் சொத்துக்களைத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பின் வீடுகள் ஆளற்றுச் சிதைந்தபின், அவருடைய குடும்பத் துயரங்களை முடிந்து பேய்க்கதைகள் புனையப்பட்டன. 2015-இல் ஒரு திரைப்படம் வந்தது; 2024-இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. ஏழைகளுக்காகக் கொடுத்த ஒரு மனிதர் இன்று தமிழ்நாட்டில் பேயாகவே அறியப்படுகிறார். இதற்குத் திரைப்படக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சொத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் அவருடைய கதையை எத்தனை மேடையில் சொன்னோம்? சொல்லாமல் விட்ட இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது.

கைவிடப்பட்ட மருத்துவமனைக்குள் அஞ்சத் தக்கது எதுவுமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இருந்தது; அதற்கு ஊரும் ஆண்டும் உண்டு. பிரேசில் நாட்டின் கொய்யானியா நகரில் கதிரியக்கச் சிகிச்சை நிலையம் ஒன்று 1985-இல் வேறிடத்துக்கு மாறியது. போனவர்கள் சீசியம் அடங்கிய இயந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுப் போனார்கள். இடத்தைப் பற்றி வழக்கு நடந்தது. 1987 செப்டம்பர் 13 அன்று காவலாளி வராத வேளையில் இருவர் உள்ளே புகுந்து, விலைபோகும் என்று அந்த இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றிச் சென்றார்கள். அது பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. இரவில் அதனுள்ளிருந்து நீல ஒளி கசிவதைக் கடைக்காரர் கண்டார். தெய்வீகமோ, விலைமதிப்பற்ற கல்லோ என்று வியந்து வீட்டுக்குள் கொண்டுபோனார். உறவினர், நண்பரெல்லாம் வந்து பார்த்தனர். அரிசியளவு துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டனர். மினுங்கும் தூளை உடலில் பூசிக்கொண்டோரும் உண்டு. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தத் தூளில் விளையாடிய கையாலேயே உணவு உண்டாள்.

நால்வர் மாண்டனர், அச்சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. 249 பேரின்மீது கதிரியக்க மாசு படிந்திருந்தது கண்டறியப்பட்டது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விளையாட்டரங்கில் வரிசையில் நின்று சோதனைக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டனர். ஈயப்பெட்டியில் வைத்த சிறுமியின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுவந்தபோது, ஊரார் கல்லறைத் தோட்டத்தின் முன் திரண்டு கல்லெறிந்து தடுத்தனர். அந்தக் கட்டடம் ஈராண்டு திறந்து கிடந்தபோது கூடாத கூட்டம் அது. 2010 ஏப்ரலில் தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததும் இதே வகைதான். பல்கலைக்கழகம் ஒன்று ஏலம் விட்ட கருவிக்குள் கோபால்ட் இருந்தது, கூலியாள் ஒருவர் உயிரிழந்தார்.

நம் பக்கத்துச் சிறு நர்சிங் ஹோம்களில் சீசியம் இராது. மின்சாரம் இல்லாத எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து கதிர் வருவதும் இல்லை. ஆனால் ஊசிகள் இருக்கும், உடைந்த மருந்துக் குப்பிகள் இருக்கும், வெப்பமானியின் பாதரசம் இருக்கும், காலாவதியான மாத்திரைகள் இருக்கும். பந்து விழுந்தால் எடுக்கச் சுவரேறிக் குதிக்கும் சிறுவர்கள் பேயை நம்புவதில்லை, வெறுங்காலோடு குதிக்கிறார்கள். மருத்துவக் கழிவுகளுக்கு 1998-லேயே விதிகள் வந்தன. 2016-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. தனியார் மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தத் தமிழ்நாடு 1997-இல் சட்டம் இயற்றியது. அச்சட்டத்துக்கான விதிகள் 2018-இல்தான் வெளிவந்தன. இடைப்பட்ட இருபத்தோர் ஆண்டுகளில் எத்தனை நர்சிங் ஹோம்கள் திறந்தன, எத்தனை மூடின!

கட்டடத்தோடு சேர்ந்து காணாமற்போவது ஏடுகள். சிகிச்சைக் குறிப்புகளை மூன்றாண்டு பேணவேண்டும், நோயாளி கேட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை நெறி. கதவே பூட்டிக் கிடக்கும்போது எவரிடம் கேட்பது? செவிலியின் ஆவி சன்னலில் நிற்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறவர்கள், அவள் எழுதிவைத்த பதிவேட்டைக் கறையான் தின்பதைப் பார்ப்பதில்லை.

குழந்தை அழுகிறது என்றார்களே, அதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிபாளையம் அன்று பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1991-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேரே இருந்தனர். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில் தொடங்கப்பட்டதற்குக் காரணம் அதுதான். கருவிலேயே பாலினம் காண்பதைத் தடைசெய்யும் சட்டம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது. 2001-இல் சேலத்தின் எண்ணிக்கை 851, தனி மாவட்டமாகியிருந்த நாமக்கல்லில் 889. கள்ளிப்பாலின் இடத்தை ஸ்கேன் கருவி பிடித்துக்கொண்ட காலம் அது. 2019-இல் இராசிபுரத்தில் பச்சிளங் குழந்தைகளை விலைக்கு விற்ற செய்தி வெளிவந்து நாடே அதிர்ந்தது. இப்படிப்பட்ட மண்ணில், மூடிய நர்சிங் ஹோமுக்குள் குழந்தையின் அழுகுரல் கேட்பதாக மக்கள் கற்பனை செய்கிறார்கள் என்றால், அந்தக் கற்பனை வானிலிருந்து விழவில்லை. ஊருக்கு எங்கோ உறுத்துகிறது. உறுத்தலைச் சொல்ல வாய் வராதபோது அதைப் பேயின் வாயில் போட்டுவிடுகிறது.

எல்லாவற்றிலும் நம்மை வருத்துவது ஒன்று உண்டு. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தின் பெயர் நாளேடுகளில் வந்தது, பேய்க்காக வரவில்லை. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் அணுகி, சிறுநீரகங்களை விலைபேசிய செய்தி அது. அரசு விசாரணைக்குழு அமைத்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க ஆணையிட்டது. உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கிய சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. உறவினரல்லாதார் அன்பின் பேரால் உறுப்புத் தரலாம் என்று அச்சட்டம் விட்ட வாயில் வழியாகத்தான் தரகர்கள் புகுந்தார்கள். தறிக்காரருக்கு முன்பின் அறியாத செல்வர்மீது திடீரென்று அன்பு சுரக்கிறதாம்; அதைத் தாளில் எழுதிக் கையொப்பமும் இடுகிறார்களாம்!

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-இல் சந்தித்து நடத்திய ஆய்வு மறு ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். அவர்களுள் முக்கால்வாசிப் பேர், விற்று ஆண்டுகள் பல ஆனபின்னும் கடனிலேயே இருந்தனர். குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அன்று வில்லிவாக்கத்தை மக்கள் ‘கிட்னிவாக்கம்’ என்றே கேலி பேசினர். இத்தனையும் அச்சில் இருந்தும், கால் நூற்றாண்டு கழித்து அதே கதை காவிரிக்கரையில் நடந்தது. பகலில் வீடு தேடிவந்து விலாவை விலை கேட்ட தரகரைக் கண்டு யாரும் அரை மைல் சுற்றிப் போகவில்லை. அவரை ‘அண்ணா’ என்று அழைத்துத் தேநீர் கொடுத்த வீடுகளும் இருந்திருக்கும்.

இதில் நம் பங்கு என்ன? மூடிய கட்டடத்தின் வாசலில் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் சொல்லி நம்மவர்களே குருக்களிடம் செல்வதுண்டு. பேயோட்டும் சடங்கை ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் செய்யலாகாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் பிரிவு கூறுகிறது. அதுவும் பீடிக்கப்பட்ட மனிதருக்காகவே. பாழடைந்த சுவருக்காக அன்று. குறிசொல்வோரை நாட்டைவிட்டுத் துரத்திய சவுல் அரசனே இரவில் மாறுவேடம் பூண்டு ஏந்தோருக்குப் போய் இறந்தவரை எழுப்பச் சொன்ன கதையை நாம் வாசித்திருக்கிறோம். உயிர்த்த ஆண்டவரையும் சீடர் முதலில் ஆவி என்றே அஞ்சினர். அவர் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை; கைகால்களின் காயத்தைக் காட்டினார், உண்ணக் கேட்டார். பள்ளிபாளையத்தில் காயம் காட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள். விலாவில் நீளமான தழும்போடு மறுபடியும் தறிக்குப் போகிறவர்கள் அவர்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு ஆண்டுதோறும் சோதனை வேண்டும். அதை இலவசமாகவும் விசாரணைக்கு அஞ்சாமலும் செய்துகொள்ள அவர்களுக்கு வழி வேண்டும். மூடிய மருத்துவ நிலையம் ஒவ்வொன்றின் ஏடுகளும் கழிவும் எங்கே போயின என்று மாவட்ட மருத்துவ இணை இயக்குநரிடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்க ஒரு பங்குப் பேரவைக்கு எத்தனை நாள் ஆகும்?

நாம் விடைபெறும்போது அந்தத் தாய் ஒன்று சொன்னார்: “பேயி இல்லைனே வெச்சுக்கங்க. அந்தத் தெருவுல ஒத்த லைட்டு எரிஞ்சாப் போதுமுங்க, நானு அந்த வழியே வந்துருவேன்.” விளக்குக் கேட்டு ஒரு மனு எழுதினோம். கையொப்பங்களில் முதலாவது அவருடையது. தெருவின் பெயரை எழுதவேண்டிய இடத்தில் ‘பேய் ஆஸ்பத்திரி வீதி’ என்றுதான் அவருக்கு எழுத வந்தது. அதை அடித்துவிட்டுச் சரியான பெயரை விசாரித்து எழுதினோம்.