ஓய்வூதியம்: சலுகையல்ல, பாக்கி!

நவம்பர் பிறந்துவிட்டால் புதுச்சேரி வங்கிக் கிளைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கைத்தடி, மஞ்சப்பை, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்திய பென்சன் புத்தகம் சகிதம் முதியவர்கள் வரிசையில் நிற்பார்கள். எதற்கு? தாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க! 2014-ல் 'ஜீவன் பிரமாண்' என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் வந்தது. ஆனால் ரேகை தேய்ந்துபோன விரலை இயந்திரம் ஏற்காமல் திரும்புகிறவர்களும் உண்டு. முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளில் கையெழுத்துப் போட்ட விரல்!

இவர்கள்தான் அவ்வப்போது சுதேசி மில் அருகே கோரிக்கை அட்டையோடு வெயிலில் நிற்பவர்களும். "இவங்களுக்கு என்ன குறை, மாசா மாசம் பென்சன் வருதே" என்று சொல்லிக்கொண்டே பைக்கில் கடந்து போகிறது ஊர். குறை என்ன என்று நின்று கேட்டால் பதில் ஒரே வார்த்தையில் வரும். தேதி.

புதுவைக்கு இது புரியாத விஷயமல்ல. 'பிரெஞ்சு பென்சன்' வாங்கும் சொல்தா வீடுகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. கொத்தனாருக்கும் காய்கறிக்காரருக்கும்கூட யூரோ விலை தெரியும். அதே பிரான்ஸ், தன் கொடியின் கீழ் போரிட்ட முன்னாள் காலனிகளின் வீரர்களுக்கு என்ன செய்தது தெரியுமா? 1959 டிசம்பரில் ஒரு நிதிச் சட்டப் பிரிவைப் போட்டு, விடுதலை பெற்ற நாடுகளின் குடிமக்களாகிவிட்டவர்களின் ஓய்வூதியத்தை அப்படியே உறைய வைத்தது. ஒரே போர், ஒரே குண்டு. ஆனால் செனகல்காரருக்கு ஒரு தொகை, பிரெஞ்சுக்காரருக்குப் பல மடங்கு. 2001-ல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. 2010-ல் அரசியல் சாசன மன்றம் அந்த ஏற்பாட்டையே ரத்து செய்தது. ஐம்பது வருடம்! அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இதே பாடத்தை முன்பே எழுதிவிட்டது. 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் பழைய கணக்கு, அன்றும் அதற்குப் பின்னும் ஓய்வு பெற்றவர்களுக்குத் தாராளமான புதிய கணக்கு என்று மத்திய அரசு கோடு கிழித்தது. டி.எஸ். நகரா என்ற ஓய்வு பெற்ற அதிகாரி வழக்குப் போட்டார். 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஓய்வூதியம் எஜமானின் தயவில் கிடைக்கும் இனாம் அல்ல, செய்த வேலைக்காகச் சேர்ந்த உரிமை என்று சொல்லி அந்தக் கோட்டை அழித்தது. டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான்.

அழித்த கோட்டை அரசு வேறு இடத்தில் கிழித்தது. 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு (ராணுவம் நீங்கலாக) புதிய பென்சன் திட்டம். மத்திய அரசு விதிகளைப் பின்பற்றும் புதுச்சேரியிலும் அதுதான். ஒரே அறை, ஒரே மேசை, ஒரே வேலை. ஒருவர் 2003 டிசம்பரில் சேர்ந்தார், அவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதியும் அகவிலைப்படியும் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரர் 2004 ஜனவரியில் சேர்ந்தார், அவருக்குப் பங்குச் சந்தை என்ன கொடுக்கிறதோ அது! நியமன ஆணை தபாலில் தாமதமானால் முதுமையே மாறிப்போகும் என்பது எந்த ஊர் நியாயம்? 2003 டிசம்பர் 22-க்கு முன் விளம்பரம் செய்த பணியிடங்களில் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்துக்கு மாறலாம் என்று மத்திய அரசே 2023 மார்ச்சில் இறங்கி வந்தது. அதற்கும் கோர்ட்டு படி ஏறி இறங்க வேண்டியிருந்தது.

பிறகு 2025 ஏப்ரலில் 'ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்' வந்தது. 25 வருடம் பணி செய்தால், கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி. நல்ல விஷயம் என்றால் ஊழியர்கள் ஓடி வந்திருக்க வேண்டுமே? விருப்பம் தெரிவிக்கும் கடைசித் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள்.

இதைவிடப் பெரிய அடி 2025 மார்ச்சில் சத்தமில்லாமல் விழுந்தது. நிதி மசோதாவுக்குள் ஒரு பகுதியைச் செருகி, ஓய்வூதியர்களிடையே வேறுபாடு செய்யும் அதிகாரம் அரசுக்கு எப்போதுமே இருந்தது என்று, 1972-ஆம் வருடம் வரை பின்னோக்கிப் போய்ச் சட்டம் செய்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற தேதியும் அந்த வேறுபாட்டுக்கு அடிப்படையாகலாம். ஏழாவது ஊதியக் குழு தந்த சமநிலையை இது பாதிக்காது என்று நிதியமைச்சர் மாநிலங்களவையில் விளக்கம் கொடுத்தார். இருக்கட்டும். ஆனால் அவையில் கொடுத்த வார்த்தை சட்டப் புத்தகத்தில் இல்லை, அதிகாரம் மட்டும்தான் இருக்கிறது. நாளை வேறொரு அமைச்சர் வந்து எடுத்துப் பயன்படுத்தினால், நகரா தீர்ப்பை எந்த முகத்தோடு கோர்ட்டில் காட்டுவது?

"பணம் எங்கே இருக்கிறது?" என்று ஒரு கேள்வி உடனே வரும். எட்டாவது ஊதியக் குழுவுக்கு 2025 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு வரம்பிலேயே, ஊழியர் பங்களிப்பு இல்லாத ஓய்வூதியத்தின் 'நிதி ஒதுக்கப்படாத செலவை'க் கவனத்தில் கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பங்களிப்பு இல்லையாம்! பிற்காலத்தில் பென்சன் உண்டு என்று நம்பித்தானே அன்றைக்குக் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள்? வேலையை வாங்கிக்கொண்ட பிறகு கூலியைப் பாரம் என்பது என்ன கணக்கு? தனியார் வேலைக்காரனுக்கு இதுவும் இல்லையே என்பது இன்னொரு வாதம். உண்மைதான், பி.எஃப். பென்சனின் குறைந்தபட்சத் தொகை 2014-ல் வெறும் 1000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அதை உயர்த்தச் சொல்லிப் போராட வேண்டுமே தவிர, இல்லாதவனைக் காட்டி இருப்பவனிடம் பிடுங்குவது சமத்துவம் ஆகாது.

சரி, கணக்கு என்றே வந்துவிட்டதால் கம்யூட்டேஷன் கணக்கையும் பார்க்கலாம். ஓய்வு பெறும்போது பென்சனில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகை வாங்கலாம். 60 வயதில் 1000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் காரணி 8.194, கையில் வருவது 98,328 ரூபாய். அரசு திரும்பப் பிடிப்பது மாதம் 1000 வீதம் 15 வருடம், அதாவது 1,80,000 ரூபாய்! 8 சதவீத வட்டி போட்டாலும் 13 வருடம் 5 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். 7 சதவீதம் என்றால் 12 வருடம் 3 மாதம் போதும். இடையில் இறந்தால் மீதியைக் குடும்பத்திடம் வசூலிப்பதில்லை, அந்த இழப்புக்குத்தான் கூடுதல் வருடங்கள் என்பது அரசுத் தரப்பு. அதாவது உயிரோடு இருப்பவர், இறந்தவருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்! 12 வருடம் போதும் என்று ஐந்தாவது ஊதியக் குழுவே சொன்னது. கேரளத்தில் 12 வருடம்தான். அந்தக் கேரளக் கரையில் இருக்கும் மாஹே, புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது என்பதால் அங்குள்ளவருக்கு 15. தெரு தாண்டினால் கணக்கு மாறுகிறது.

மருத்துவம் இதைவிட மோசம். 1944-ஆம் வருடத்து மத்திய மருத்துவக் கவனிப்பு விதிகள் பணியில் இருப்பவருக்கு மட்டும்தான். ஓய்வு பெற்ற மறுநாளே உடம்பு அரசாங்கத்துக்கு அந்நியமாகிவிடும். சி.ஜி.எச்.எஸ். எட்டாத இடத்து மத்திய ஓய்வூதியருக்கு மாதாந்திர மருத்துவப்படி 1997-ல் 100 ரூபாய், 2017 ஜூலையில் 1000. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை வாங்கி, ஒரு டாக்டர் பீஸும் கொடுத்தால் 1000 ரூபாய் மாதத்தின் முதல் வாரத்தைத் தாண்டாது. கோரிமேடு ஜிப்மர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, விழுப்புரமும் கடலூரும் திரண்டு வரும் வெளிநோயாளிக் கூட்டத்தில் 75 வயதுக்காரர் விடியற்காலையில் போய் நிற்க வேண்டும். காரைக்காலிலும் ஏனாமிலும் இருப்பவர்கள் எங்கே போவது? பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஓய்வு பெற்றவரின் சிகிச்சைப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவசரத்தில் யாராவது பட்டியலைத் தேடிக்கொண்டிருப்பார்களா என்ன?

80 வயதானால் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. 65-ல் 5, 70-ல் 10, 75-ல் 15 சதவீதம் என்று முன்கூட்டியே படிப்படியாகக் கொடுக்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் பரிந்துரைத்தது. அதை அமல்படுத்தச் சொல்லி இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பணியில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்தால் அலுவலகம் நிற்கும். ஓய்வு பெற்றவர் எதை நிறுத்துவார்? அந்தத் தைரியம்தான் அரசுக்கு.

2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை, கொரோனாவைக் காரணம் காட்டி 18 மாத அகவிலை நிவாரண உயர்வை நிறுத்தினார்கள். மூன்று தவணை. ஊழியர், ஓய்வூதியர் இரு தரப்பிலும் சேர்த்து மிச்சப்பட்டது 34,402 கோடி ரூபாய் என்று அரசே கணக்குச் சொன்னது. 2021 ஜூலையில் விகிதத்தை 17-லிருந்து 28 ஆக்கினார்கள், நிலுவை மட்டும் கிடையாது என்றார்கள். அந்த 18 மாதத்தில் மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் விலை நிற்கவில்லை. நிலுவையைக் கேட்டு மனு எழுதியவர்களில் பலர் அடுத்த நவம்பர் வரிசைக்கு வரவில்லை.