நீர்க்கடனும் நிலுவைக் கடனும்

தமிழிலே கடன் என்னும் சொல் இருபொருள் தருவது. செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். பெற்றதைத் திருப்பிக் கொடுத்தலும் கடன். ஈமக்கடன், நீர்க்கடன், பிதிர்க்கடன் என்று முன்னதை எத்தனையோ பெயரிட்டு அழைக்கின்றோம். பின்னதற்குப் பெயர் சூட்டி அழைக்க எவரும் விரும்புவதில்லை. சாவீட்டில் அதைப் பற்றி வாய்திறப்பதே அநாகரிகம் என்று கருதுகின்றோம்.

பாலையூற்றிலிருந்து கன்னியா வெந்நீரூற்றுக்குச் சில மைல் தூரமே. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் ஆற்றும்பொருட்டு அங்கே ஏழு ஊற்றுக்களை உண்டாக்கினான் என்பது ஐதிகம். திருகோணமலைச் சைவர் பலர் இன்றும் அந்தியேட்டிக் கிரியையை அங்கே செய்கின்றனர். நாள் தவறாது, முறை தவறாது அது நடைபெறும். அதைக் குறைகூற யான் வரவில்லை. கிரியை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு முன்னே கிடக்கும் மற்றைக் கடனைப் பற்றியே எழுதப் புகுந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் அயலில் ஒருவர் காலமானார். துறைமுகத்தில் தச்சுவேலை செய்து ஓய்வுபெற்றவர். யாரோடும் அதிர்ந்து பேசாதவர். முப்பத்தோராம் நாள் கழிந்த மறுநாள் மாலை, அவர் மனைவியார் பழைய விசுக்கோத்துத் தகரமொன்றை என் விறாந்தையிற் கொண்டுவந்து வைத்து, "பண்டிதர் ஐயா, உதுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. அவர்தான் எல்லாம் பாக்கிறவர்" என்றார். நாற்பது ஆண்டு சமையலும் பிள்ளை வளர்ப்புமாக ஒரு வீட்டை ஆண்டவர், அவ்வீட்டின் கணக்கை ஒருநாளேனும் கண்டதில்லை.

மூன்று மாலைகள் அத்தகரத்தோடு கழிந்தன. மின்கட்டணப் பட்டியல்கள், நீர்க்கட்டணப் பட்டியல்கள், சோலைவரிப் பற்றுச்சீட்டுக்கள், மகனுடைய மோட்டார் சைக்கிளுக்குத் தவணைப்பணம் கட்டிய துண்டுகள், வங்கிப் புத்தகம், சந்திக் கடையின் கடன் கொப்பி. இவற்றோடு சேலைக்கடைப் பையொன்றில் மடித்து வைத்த அடகுச் சீட்டு. அச்சீட்டை வாசித்தபோது என் குரல் தணிந்துவிட்டது. அம்மையாரின் இரண்டு சோடிக் காப்புக்கள் அடகில் இருந்தன. அவை தம் தமக்கை வீட்டிற் பத்திரமாயிருக்கின்றன என்று அவர் சொல்லி வைத்திருந்தாராம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் நூற்றுக்கு எழுபத்தைந்து அளவில் உயர்ந்து, 2023 பெப்ரவரியில் மீண்டும் நூற்றுக்கு அறுபத்தாறு அளவில் ஏறிய காலத்து நிலுவையைத் தீர்க்கவே அவர் அடகு வைத்திருக்கின்றார் என்பதைப் பற்றுச்சீட்டின் திகதிகள் காட்டின. ஆண்டுதோறும் வட்டி கட்டிப் புதுப்பித்தும் வந்திருக்கின்றார். மீட்புக்கு ஒன்பது நாளே எஞ்சியிருந்தது. பத்தாம் நாள் அத்தகரம் திறக்கப்பட்டிருந்தால் காப்புக்கள் ஏலத்துக்குப் போயிருக்கும்.

ஆதலின், சாவீட்டுக் கணக்கில் முதலிற் பார்க்கவேண்டியது எது என்று எவரேனும் கேட்பின், தவணை குறித்த தாள்களையே முதலிற் பாருங்கள் என்பேன். அடகுச் சீட்டும் துண்டிப்பு அறிவித்தலும் அழுகை ஓயும்வரை காத்திருப்பதில்லை. காணியுறுதி காத்திருக்கும். நாமோ பெரும்பாலும் தலைகீழாகச் செய்கின்றோம். உறுதி யார் கையில் என்ற வழக்கை எட்டாம் நாளே தொடங்கிவிட்டு, விளக்கை அணைய விடுகின்றோம்.

வங்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். தந்தை இறந்த பின்னர் அவருடைய அட்டையைக் கொண்டு மைந்தன் பணம் எடுப்பது நம்மவரிடையே சாதாரணமாகிவிட்டது. செத்தவீட்டுச் செலவுக்குத்தானே என்பர். இருப்பு அந்த மகனுக்கு மட்டும் உரியதன்று. அரசாங்க ஓய்வூதியம் இறப்பின் பின்னும் அறியாது கணக்கில் விழுந்திருப்பின், அது திருப்பிக் கொடுக்கப்படவேண்டிய பணம். உடனே பிரதேச செயலகத்துக்கு அறிவித்துவிட்டால், கைம்பெண்ணுக்குரிய ஓய்வூதியம் தொடங்க வழி பிறக்கும். விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதி இந்நாட்டில் 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் ஏற்பட்டது. அத்துணைப் பழைய உரிமையை மறைத்துவைத்து, சில ஆயிரம் ரூபாய்க்காகக் களவுபோல் நடப்பது எத்துணைப் பேதைமை!

தந்தையின் கடனை யார் இறுப்பது? 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பிய தேசவழமையிலே, பெற்றோர் ஒன்றும் விட்டுச் செல்லாவிடினும் அவர்தம் கடனை மைந்தர் தீர்த்தல்வேண்டும் என்றிருந்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் அருமையான சொற்களை நமக்குக் காத்துத் தந்ததும் அந்நூலே. இக்காலச் சட்டம் அவ்வளவு கடுமையானதன்று. இறந்தவர் விட்ட பொருளிலிருந்தே அவர் கடன் தீர்க்கப்படும். இதை அறியாத பிள்ளைகள், கடன்காரன் குரலை உயர்த்தியவுடன் தம் சொந்த நகையைக் கழற்றிக் கொடுப்பதைக் கண்டிருக்கின்றேன். மனச்சாட்சிக்காகக் கொடுப்பது வேறு. அச்சத்தாற் கொடுப்பது வேறு.

தேசவழமை வடமாகாணத் தமிழர்க்குரியது. கிழக்கிலே வாழும் தமிழருக்குப் பொதுவாக 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருந்தும். மரணசாசனம் இல்லாதவிடத்து வாழ்க்கைத்துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மறுபாதி. முஸ்லிம் அயலவருக்கு வேறு சட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தமக்கு எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டே தெளிதல் வேண்டும். மரணசாசனம் எழுதுவது செல்வர்க்கே உரியது என்ற எண்ணமும் பிழை. நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளும் இருப்பின் 1840ஆம் ஆண்டின் சட்டப்படி அது செல்லும். ஐந்து சாட்சிகளை ஒரு திருமண வீட்டின் திண்ணையிலேயே சேர்த்துவிடலாமே!

எழுத்தாளர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. 1921இல் பாரதியார் மறைந்தபின் அவருடைய பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறிச் சென்று, 1949இல் சென்னை அரசாங்கம் அதைப் பெற்ற பின்னரே பொதுவுடைமையாயிற்று. புலவரும் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் நன்று.

அந்த அம்மையாரிடம் மின்பட்டியலைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். உடனே ஒப்பவில்லை. "அவர்ர பேரிலதானே மாதா மாதம் வருது ஐயா. மாத்தினா, அவர் இல்லையெண்டு நானே எழுதிக் குடுத்தமாதிரி" என்றார். இலக்கணம் கற்ற எனக்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை.

அவருக்கேனும் மரண அத்தாட்சிப் பத்திரம் கையில் உண்டு. எங்கள் மாவட்டத்தில் அதுவுமில்லாத வீடுகள் எத்தனை! 2004 டிசம்பர் 26இன் கடற்பேரலையில் உடல் கிடையாது போனவர்களின் இறப்பைப் பதிய 2005இல் ஒரு தனிச்சட்டம் வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் காணாமற்போனோருக்காக 2010இல் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி பதிவதாயின் 'இறந்தார்' என்று பதியவேண்டும். பிள்ளையைத் தேடி வீதியில் நிற்கும் தாய் அதில் எவ்வாறு ஒப்பமிடுவாள்? 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்னாது, காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு இடமளிக்கப்பட்டது. அச்சான்றிதழைக் கொண்டு வரும் பெண்ணை, மரண அத்தாட்சி எங்கே என்று மீண்டும் கேட்டுத் திருப்பியனுப்பாதிருக்க ஒவ்வொரு கருமபீடத்திலும் இருப்போர் அறிந்திருத்தல் வேண்டும். ஒரே இறப்பை ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியே ஒப்புவிக்கும் வேதனையும் நீங்குதல் வேண்டும். பிரதேச செயலகத்தில் ஒருமுறை பதிந்தால் மின், நீர், வரி, ஓய்வூதியம் அனைத்துக்கும் அது செல்லுமாறு ஒழுங்கு செய்ய இயலாதா? அங்கே கொடுக்கப்படும் படிவங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசித்து விளங்கும் தமிழில் இருத்தல் ஆகாதா? பண்டிதனாகிய யானே சில படிவங்களை இருமுறை வாசித்துத்தான் பொருள்கண்டேன்.

ஆசிரியராகிய எங்கள் மீதும் குற்றம் உண்டு. கடிதம் எழுதும் பாடத்தில் நூலகம் வேண்டியும், விளையாட்டுப் போட்டிக்கு அழைத்தும் ஆண்டுதோறும் எழுதுவிக்கின்றோம். வருந் தவணையில் என் வகுப்பில் வேறொரு தலைப்புக் கொடுக்க இருக்கின்றேன்: 'வீட்டுக்காரர் காலமானதை அறிவித்து, நீர்க்கட்டணக் கணக்கைத் தாயாரின் பெயருக்கு மாற்றித்தருமாறு எழுதும் விண்ணப்பம்.' அமங்கலமான பாடம் என்று பெற்றோர் சிலர் முறையிடக்கூடும், முறையிடட்டும்.

காப்புக்கள் மீட்கப்பட்டன. மகன் மோட்டார் சைக்கிளை விற்றான். அம்மையார் இப்போது ஒரு கொப்பியில் தம் கையாலே கணக்கெழுதி வருகின்றார். மின்பட்டியல் மட்டும் இன்னும் அவர் கணவர் பெயரிலேயே வருகின்றது. பெயர்மாற்ற விண்ணப்பத்தை யான் எழுதிக் கொடுத்து நான்கு மாதமாயிற்று. அது அந்த விசுக்கோத்துத் தகரத்தில் இருக்கின்றது.