ஆறு மீட்டருக்கு ஒரு படி



லேபில் நாம் நசுக்கிப் பார்க்கும் 20 மி.மீ. ஜல்லி எங்கிருந்து வருகிறது? நம் ஊர்ப்பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்துதானே! அப்படி ஒரு குவாரியில்தான் என் அப்பா கம்ப்ரஸர் பிடித்துக் குழி போடுகிறார். "சுரங்கம்லாம் நெய்வேலிலதான்டா, இது வெறும் குவாரி" என்பார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில், வெடி வைக்கும் கல்குவாரியும் சுரங்கமே. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. தனி அனுமதி இல்லாவிட்டால் கெட்டிப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது 1961-ல் போட்ட ஒழுங்குவிதி. அதாவது சுமார் 20 அடிக்கு ஒரு படி.

2022 மே 14 இரவு, நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்தது. ஆறு பேர் சிக்கினார்கள். நாலு பேர் செத்தே போனார்கள். குழியின் ஆழம் சுமார் 300 அடி. 217 அடி உயரமுள்ள நம் ராஜகோபுரத்தை இறக்கி வைத்தாலும் உள்ளே மறைந்துவிடும்! அந்த ஆழத்துக்கு 15 படி வரவேண்டும்.

அப்பா இறங்கும் குழியில் ஒரு படிகூடக் கிடையாது. சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கிறது. போன மழைக்குப் பிறகு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்து, எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்குக் கால் போச்சு. ரிஜிஸ்டரில் அவர் பெயரே இல்லை.

குத்தகை கொடுப்பது மாவட்ட நிர்வாகம். பாதுகாப்பைப் பார்க்க வேண்டியது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். அதன் தலைமையகம் இருப்பதோ ஜார்க்கண்டின் தன்பாத்தில். இது என்ன ஏற்பாடு? வண்டியில் எத்தனை யூனிட் கல் போகிறது என்று நடைச்சீட்டைப் பார்க்க ரோட்டில் ஆள் நிற்கிறார். குழிக்குள் இறங்கிப் படியை எண்ண யாரும் வந்ததை அப்பா பார்த்ததில்லை.

"நீ எழுதி, குவாரிய மூடிட்டா சோத்துக்கு எங்க போறது?" என்கிறாள் அம்மா. நியாயமான பயம்தான். ஆனால் மூடச் சொல்லி யார் கேட்டது? படி விட்டு வெட்டினால் முதலாளிக்குக் கொஞ்சம் கல் குறையும், அவ்வளவுதானே!

குத்தகையைப் புதுப்பிக்கும்போது படியை அளந்து பார்க்கட்டும். அளவைத் தமிழில் எழுதி வாசலில் போர்டு வைக்கட்டும். அளக்க ஆளில்லை என்றால், தியோடலைட்டோடு சிவில் மாணவர்கள் நாங்கள் வருகிறோம் என்று நம் சங்கம் கலெக்டருக்கு ஒரு மனு கொடுக்கலாமே?