தீபக ராகமும் எரிவாயுக் குழாயும்

ஒரு பிழையை ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன் நான். அண்மையில் எங்கள் கல்லூரி விழாவில் இயற்பியல் மாணவர்கள் நீண்ட இரும்புக் குழாயொன்றை மேடையில் கிடத்தினார்கள். அதன் மேற்புறத்தில் வரிசையாகச் சிறு துளைகள். ஒரு முனையில் எரிவாயு உள்ளே செல்ல வழி. மறுமுனையில் மெல்லிய ரப்பர்த் தோல், அதனை ஒட்டி ஓர் ஒலிபெருக்கி. துளைகளில் தீ வைத்ததும் சுடர்கள் ஒரே உயரத்தில் வரிசைகட்டி நின்றன. குத்துப்பாட்டு ஒலித்ததும் எழுந்தும் தாழ்ந்தும் ஆடத் தொடங்கின. அரங்கம் ஆர்ப்பரித்தது.

இரண்டு சொல் பேசுமாறு என்னை அழைத்தார்கள். "தீபக ராகம் பாடித் தான்சேன் விளக்கேற்றியதை நம்பாதவர்கள் இன்று கண்ணால் கண்டீர்கள். நம் முன்னோர் அறியாத அறிவியல் எது?" என்று முழங்கினேன். விழாவிலேயே மிகப் பெரிய கைதட்டல் எனக்குத்தான். அதைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி வந்தாள். அவளுடைய தாயார் ஒரகடத்தில் ஓர் ஆலையில் முறைப்பணி செய்கிறவர். "ஐயா, பாட்டுப் போட்டால் தீ ஆடுகிறது. ஆனால் ஒரே சுரத்தை விடாமல் கொடுத்தால் ஆடுவதே இல்லை. மேடும் பள்ளமுமாக அப்படியே நின்றுவிடுகிறது. ராகத்துக்குத்தான் தீ மயங்குகிறது என்றால் இது ஏன் நிற்கிறது?" என்று கேட்டாள். முதுகலைத் தமிழ் படித்து இருபதாண்டு மேடையேறிய நான் வாயடைத்து நின்றேன்.

அதன் பிறகே படித்தேன். படித்ததைச் சொல்கிறேன். குழாய்க்குள் செல்லும் ஒலி மறுமுனையில் மோதித் திரும்புகிறது. செல்லும் அலையும் மீளும் அலையும் சேர்ந்து, குறிப்பிட்ட சில அதிர்வெண்களில், இடம்பெயராத நிலையலை ஒன்றைத் தோற்றுவிக்கின்றன. அதில் சில இடங்களில் அழுத்தம் பெரிதாக ஏறி இறங்குகிறது. சில இடங்களில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அழுத்தம் மிகுதியாக அலையும் இடத்தில்தான் சுடர் உயரும் என்று நாம் உடனே முடிவுகட்டுவோம். வழக்கமான நிலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. துளைவழி வெளியேறும் வாயுவின் அளவு அழுத்தத்தின் நேர்விகிதத்தில் கூடுவதில்லை; அதன் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுகிறது. ஆகவே அழுத்தம் ஏறும்போது கிடைக்கும் கூடுதலைவிட இறங்கும்போது நேரும் இழப்பு பெரிது. அலைவு மிகுந்த இடத்தில் சுடர் குட்டையாகிறது. அமைதியான இடத்தில் ஓங்கி நிற்கிறது. பாட்டில் அதிர்வெண் நொடிக்கு நொடி மாறுவதால் மேடும் பள்ளமும் இடம் மாறுகின்றன. அதைத்தான் நாம் நடனம் என்கிறோம்.

இக்கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. 1858இல் அமெரிக்காவின் ஜான் லெகான்ட், ஓர் இசைக்கூடலில் செல்லோ ஒலிக்கேற்ப எரிவாயு விளக்கின் சுடர் துள்ளுவதைக் கவனித்து எழுதினார். இங்கிலாந்தின் ஜான் டிண்டல் ஒலிக்குக் கூசும் சுடர்களை மேடையில் காட்டி விளக்கினார். 1905இல் ஜெர்மனியின் ஹைன்ரிக் ரூபன்ஸ், 4 மீட்டர் நீளக் குழாயில் 2 செ.மீ. இடைவெளியில் துளைகளிட்டு இன்று நாம் காணும் வடிவத்தை அமைத்தார். 1900இல் வெப்பக் கதிர்வீச்சை அளந்து, மாக்ஸ் பிளாங்க் தம் விதியைக் கண்டடையத் துணைநின்றவரும் இதே ரூபன்ஸ்தான். இவர்கள் அனைவரும் சுடரைக் கண்டு வியந்தவர்களே. ஆனால் வியந்த கையோடு அளவுகோலையும் எடுத்தார்கள்.

நாமும் அளக்கலாம். கைபேசியிலிருந்து 440 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, அடுத்தடுத்த இரு மேடுகளுக்கிடையே 27 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். அது அரை அலைநீளம். முழு அலைநீளம் 54 செ.மீ. அதை 440ஆல் பெருக்கினால் அந்த வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 238 மீட்டர். காற்றிலோ ஏறத்தாழ 340 மீட்டருக்கு மேல். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. அதில் ஒலி மெதுவாகவே செல்லும். தீபக ராகக் கதை இந்த எண்ணைத் தருமா?

"கதையின் அழகை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்று என் துறை நண்பர்களே கேட்கிறார்கள். நான் கெடுக்கவில்லை. தீபக ராகக் கதை, இசையின் ஆற்றலை வியந்தவன் புனைந்த உயர்வு நவிற்சி. உயர்வு நவிற்சியைச் சாட்சியாகக் கூண்டிலேற்றுவதே அதற்குச் செய்யும் அவமதிப்பு. அன்று மேடையில் இருந்த சுடரை ஏற்றியது தீக்குச்சி, ராகம் அன்று. ஏற்கெனவே எரிந்த தீயின் உயரத்தை ஒலி மாற்றியது, அவ்வளவே. இந்த வேறுபாட்டைக் காணாதவன் அறிவியலையும் படிக்கவில்லை, கவிதையையும் படிக்கவில்லை.

முன்னோர் பெருமை வேண்டுவோர்க்கு உண்மையான பெருமை இருக்கிறது. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியில் எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று எவ்வெவ்வாறு எழுத்தாகிறது என்று உறுப்பு உறுப்பாகப் பகுத்துச் சொல்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோ ஆடரங்கைப் புகழ்வதோடு நிற்கவில்லை. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று அளந்து வைக்கிறார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் மிருதங்கத்தைத் தெய்வ வாத்தியம் என்று கும்பிட்டு விட்டுவிடவில்லை. அதன் தோலில் ஏன் இசைவான மேற்சுரங்கள் பிறக்கின்றன என்று கேட்டு 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பின்னர் தோலின்மேல் நுண்மணல் தூவி, அது அதிராத கோடுகளில் ஒதுங்கும் வடிவங்களைப் படமெடுத்து 1934இல் வெளியிட்டார். ராமனின் மணல் செய்த வேலையைத்தான் எங்கள் மேடையில் தீ செய்தது. அந்த மரபில் நிற்க வேண்டிய நான் கட்டுக்கதையின் பக்கம் போய் நின்றேன்.

மறுபுறம், "இதெல்லாம் வேடிக்கைக்குத்தானே" என்பாரும் உண்டு. வேடிக்கையன்று. எரியும் அறைக்குள் ஒலியும் தீயும் ஒன்றையொன்று தூண்டத் தொடங்கினால் ராக்கெட் எந்திரமும் வாயுச் சுழலியும் சிதைந்துபோகும். எப்போது தூண்டும் என்பதற்கான அடிப்படையை 1878இலேயே ராலே பிரபு வகுத்தார். அந்த ஆபத்தை முன்கூட்டியே அறிவது எப்படி என்று ஆராய்கிறவர்களில் உலகம் அறிந்த ஒருவர், இங்கிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர்.ஐ. சுஜித். எங்கள் விழாவில் அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. திரைச்சீலை தொங்கும் மூடிய அரங்கில், தரையில் தேங்கும் வாயுவைக் கொளுத்துகிறோமே என்றும் ஒருவரும் கேட்கவில்லை. வியப்பு கேள்வியை விழுங்கிவிட்டால் ஆபத்தையும் சேர்த்தே விழுங்கும்.

இதை ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்? எங்கள் பிள்ளைகள் இந்தச் சாலையின் ஆலைகளுக்குத்தான் போகிறார்கள். விடியலிலும் நள்ளிரவிலும் கம்பெனிப் பேருந்துகள் அவர்களை ஏற்றி இறக்குகின்றன. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று அங்கே சொல்லித் தருவார்கள். ஏன் என்பதைச் சொல்லித் தரும் கடமை அங்கே யாருக்கும் இல்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பொத்தான் போய்விட்டால் அதை அழுத்தும் பழக்கத்தால் பயனில்லை. ஏன் என்று கேட்கப் பழகியவன் மட்டுமே அடுத்த எந்திரத்தின் முன்னும் நிமிர்ந்து நிற்பான். அந்தப் பழக்கத்தைத் தர வேண்டிய கல்லூரியில், மேடையேறி, கேட்க வேண்டாம், முன்னோர் கேட்டு முடித்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். தமிழின் பெயரால் சொன்னேன் என்பதே என் குற்றத்தைப் பெரிதாக்குகிறது.

அந்த மாணவி கேட்ட கேள்வி தமிழில் இருந்தது. அதற்கான விடையையும் தமிழிலேயே சொல்ல முடிந்தது, மேலே சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் அந்தக் குழாயைத் திறந்த வெளியில் வைத்து, இயற்பியல் ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு, மீண்டும் ஏற்றப்போகிறோம். இம்முறை பாட்டு இல்லை. ஒற்றைச் சுரமும் ஓர் அளவுகோலும் மட்டும். அளவுகோலை அவள் பிடிப்பாள். எண்ணை நான் கரும்பலகையில் எழுதுவேன்.